பல் போன இடத்தில் எலும்பை அளத்தல்

நுழையும் முன்

‘பல் போனால் சொல் போயிற்று’ என்பது பழமொழி. பல் உணவை மெல்லும் கருவி மட்டுமன்று. ஒலியைப் பிறப்பிக்கும் உறுப்புமாகும். எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூறும் தொல்காப்பியத்தின் பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளை எண்ணுகிறது. மேற்பல்லும் அண்ணமும் மூக்கும் மேல்தாடையோடு சேர்ந்து அமைந்தவை. அவற்றுள் பல் ஒன்று விழுந்தபின் தாடையின் உள்ளே என்ன நிகழ்கிறது? கண்ணுக்குத் தெரியாத அம்மாற்றத்தை மருத்துவர் எவ்வாறு அளக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவது இக்கட்டுரை.

பாட்டியின் கேள்வி

பெங்களூரு நகரின் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் இதனை உருவாக்கத் தொடங்கியது. மின்னணு நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் பெருகவே, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய ஊர்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்குக் குடியேறின. வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வருவதும், வந்த இடத்தில் கண்ணையும் பல்லையும் மருத்துவரிடம் காட்டிச் செல்வதும் இப்பகுதியில் வழக்கம்.

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி அருகிலுள்ள சிற்றூரிலிருந்து பாட்டி ஒருவர் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். பத்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய இடப்பக்க மேல்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கப்பட்டது. அப்பக்கத்தால் மெல்ல இயலாமல் இத்தனை ஆண்டுகளும் வலப்பக்கத்தாலேயே உண்டு வந்தார். போன பல்லின் இடத்தில் செயற்கைப் பல் பொருத்தலாம் என்று மகன் அழைத்துச் செல்ல, எட்டாம் வகுப்பில் படிக்கும் பேரனும் உடன் செல்கிறான்.

மருத்துவர் வாயைப் பார்த்தார். முழுத்தாடைப் படம் ஒன்றையும் எடுத்துப் பார்த்தார். பின்னர், “அம்மா, இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது” என்றார்.

பாட்டிக்கு வியப்பு. “ஒரு பல் வைப்பதற்கு எத்தனை படம், டாக்டரம்மா? அங்கே பல்லே இல்லையே! இல்லாத பல்லை எதற்குப் படம் பிடிப்பது?” என்று கேட்டார்.

மருத்துவர் சிரித்துக்கொண்டே, “படம் பல்லுக்கு அல்ல அம்மா, பல் இருந்த இடத்துக்கு” என்று விடை கூறினார்.

பாட்டியின் கேள்வி நியாயமானது. மருத்துவரின் விடையோ விளக்கம் வேண்டுவது.

பல் போனால் எலும்பும் போகும்

பல்லின் வேர் தாடையெலும்பில் ஆணி அடித்தாற்போல் இறுகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் உள்ளன. நாம் மெல்லும்போது அந்நார்கள் வழியாகவே அழுத்தம் எலும்புக்குச் செல்கிறது. எலும்பு உயிருள்ள பொருள். ஒரு பக்கம் கரைந்தும் மறுபக்கம் வளர்ந்தும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. உழைப்பு உள்ளவரை அதன் கரைவும் வளர்ச்சியும் சமமாக நிற்கும்.

பல் நீங்கியதும் அவ்வுழைப்பு நின்றுவிடுகிறது. நெல் விளையாத வயலின் வரப்புக்கு எவரும் மண் அணைப்பதில்லை. மழைக்கு மழை அது கரைந்து தாழும். பல்லைத் தாங்கி நின்ற எலும்பு வரம்பின் நிலையும் அத்தகையதே. பல் பிடுங்கிய முதல் ஓராண்டில் அவ்வரம்பின் அகலம் ஏறத்தாழப் பாதி அளவு வரை குறையக்கூடும். அக்குறைவிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கன்னத்தை நோக்கிய எலும்புச் சுவர் மிக மெல்லியதாதலால், முதலில் கரைவது அதுவே. உயரமும் குறையும், ஆயினும் அகலத்தைப்போல் அத்துணை விரைவாக அன்று.

இம்மாற்றத்தைக் கண்ணால் காண இயலாது. ஈறு எலும்பை மூடி வளர்ந்து, பார்ப்பதற்குத் தடித்துச் செழித்தே தோன்றும். விரலால் தொட்டாலும் அடியில் இருப்பது எலும்பா, வெறுந்தசையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கன்னத்துக்குள் ஒரு காற்றறை

மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் மற்றொரு சிக்கலும் உண்டு. மூக்கின் இருபுறமும் முகவெலும்புகளுக்குள் காற்று நிறைந்த வெற்றிடங்கள் நான்கு இணைகள் இருக்கின்றன. மக்கள் இவற்றைச் சைனஸ் என்பர். இவற்றுள் மிகப் பெரியது, கன்ன எலும்பின் கீழே மேல்தாடையில் அமைந்த காற்றறை. கூம்பு போன்ற வடிவமுடைய இவ்வறை, முதிர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 மில்லிலிட்டர் கொள்ளளவு உடையது. இதன் உட்புறத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவேயான மெல்லிய சவ்வு மூடியுள்ளது. அச்சவ்வில் சுரக்கும் நீர், அறையின் மேற்பகுதியிலுள்ள சிறு துளை வழியாக மூக்குக்குள் வடிகிறது.

இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இக்காற்றறையை விரிவாக விளக்கினார். பல் பிடுங்கிய குழியின் வழியே காற்றறை திறந்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றியும் அவர் எழுதியுள்ளார். பல்லுக்கும் காற்றறைக்கும் உள்ள நெருக்கம் அன்றே அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் இவ்வறையின் தளத்துக்கு மிக அருகில் நிற்கின்றன. சிலருக்கு இடையில் இருப்பது தாள் போன்ற எலும்புத் தகடு மட்டுமே. பல் நீங்கிய பின், பற்கள் நின்ற இடத்தை நோக்கிக் காற்றறை மெல்லக் கீழே விரிகிறது. வாய்ப்புறத்திலிருந்து எலும்பு கரைய, மேற்புறத்திலிருந்து காற்றறை இறங்க, இடையில் அகப்பட்ட எலும்பு இருபுறமும் மெலிகிறது. வீட்டின் அடித்தளத்தைக் கீழிருந்து எலியும் மேலிருந்து மழையும் ஒருங்கே அரித்தாற்போன்றது இந்நிலை.

செயற்கைப் பல்லின் வேராக இன்று பலரும் பொருத்திக்கொள்ளும் இம்ப்ளாண்ட், டைட்டானியம் உலோகத்தாலான சிறு திருகு. டைட்டானியத்தோடு எலும்பு இறுக ஒட்டி வளர்வதைச் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் முயல்களை ஆய்ந்தபோது கண்டறிந்தார். 1965இல் முதன்முதலாக மனிதருக்கு அதனைப் பொருத்தினார். இத்திருகின் நீளம் பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர். குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். எலும்பின் உயரம் 4 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கையில் 10 மில்லிமீட்டர் திருகைச் செலுத்தினால் அது காற்றறைக்குள் துருத்தி நிற்கும். பிடிமானமின்றி உள்ளேயே விழுந்துவிடவும் கூடும். கீழ்த்தாடையிலோ வேறு இடர் உண்டு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, எலும்பினுள் குழாய் போன்ற பாதையில் ஓடுகிறது. திருகு அதனைத் தொட்டால் உதடு மரத்துப்போகும். ஆதலால் நரம்புக்கு மேல் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது மருத்துவர் கைக்கொள்ளும் விதி.

எனவே, துளையிடுமுன் அளக்க வேண்டும். அளப்பதற்குப் படம் வேண்டும்.

ஒரு நிழல் சொல்வதும் சொல்லாததும்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அதனை எக்ஸ் கதிர் என்றும் கூறுவர். அடுத்த ஜனவரி மாதத்திலேயே அந்நாட்டுப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தம் பற்களையே அக்கதிரால் படம் எடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இன்று அதே படம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுக்கப்படுகிறது.

ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழல். கதிரை மிகுதியாகத் தடுக்கும் பல்லும் எலும்பும் வெண்மையாகவும், தடுக்காத காற்று கருமையாகவும் படத்தில் தோன்றும். காற்றறை கருநிறக் குழியாகவும் அதன் தளம் வெண்கோடாகவும் தெரிவது இதனால்தான்.

பல் மருத்துவத்தில் இந்நிழற்படம் இருவகையாக எடுக்கப்படுகிறது. முதலாவது, வாய்க்குள் சிறு தகட்டை வைத்து எடுப்பது. இரண்டு மூன்று பற்களையும் அவற்றின் வேர்நுனிகளையும் இது நுணுக்கமாகக் காட்டும். இரண்டாவது, ஓ.பி.ஜி. என்று வழங்கும் முழுத்தாடைப் படம். பின்லாந்து நாட்டின் யிர்யோ பாட்டேரோ இம்முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். நோயாளி அசையாது நிற்க, கருவி அவர் தலையைச் சுற்றி வரும். இரு தாடைகள், எல்லாப் பற்கள், காற்றறைகளின் தளம், கீழ்த்தாடை நரம்பின் பாதை ஆகிய யாவும் ஒரே படத்தில் அகப்படும்.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு குறை பொது. விளக்கின் முன் ஒரு நாணயத்தைப் பிடித்தால் சுவரில் வட்ட நிழல் விழும். அதையே பக்கவாட்டில் திருப்பினால் நிழல் ஒரு கோடாகிவிடும். வட்ட நிழலை மட்டும் கண்டவர் அது தடித்த உருண்டையா, மெல்லிய நாணயமா என்று கூற இயலாது. அதுபோலவே முழுத்தாடைப் படம் எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. காட்டும் உயரத்திலும் உருப்பெருக்கம் உண்டு. அது ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு. மேலும், மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் மீது கன்ன எலும்பின் நிழலும் சேர்ந்து விழுவதால், வேர்நுனியில் உள்ள கோளாறு மறைந்துபோவதுண்டு.

பல நிழல்களிலிருந்து ஓர் உருவம்

ஒரு நிழல் போதாதெனில், பல கோணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான நிழல்களைத் திரட்டி, அவற்றிலிருந்து பொருளின் உள்வடிவத்தைக் கணக்கிட இயலுமா? இயலும் என்று காட்டியது சி.டி. ஸ்கேன். காட்பிரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவி 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. அவரும், அதற்கான கணிதத்தை ஆராய்ந்த ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வரலாற்றில் பெங்களூருவுக்கும் சென்னைக்கும் உரிய பக்கம் ஒன்று உண்டு. கோ. நா. ராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூருவின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக 1952 முதல் பணியாற்றி, தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை வெளிப்படுத்தியவர். பின்னர்ப் பெங்களூரு திரும்பி, இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1971இல் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் எழுதிய ஆய்வுக்கட்டுரை, நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க எளிய கணக்கு வழி ஒன்றைக் கூறியது.

அதன் கருத்து இது. எடுத்த ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பினால், எல்லா நிழல்களும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொருளின் உருவம் தோன்றும். ஆனால் அதன் விளிம்புகள் மங்கியிருக்கும். பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியின் வழியே செலுத்தினால் அம்மங்கல் நீங்கும். அவ்வடிகட்டி இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் இணைத்து ‘ராம்-லாக்’ என இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் வழங்குகிறது.

கூம்பு வடிவக் கதிருக்கு ஏற்ப இக்கணக்கு முறையை ஃபெல்ட்காம்ப் என்பவரும் அவருடைய தோழர்களும் 1984இல் விரிவாக்கினர். அவ்வழியே 1990களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் பல் மருத்துவத்துக்கெனத் தனிக் கருவி உருவாயிற்று. கூம்புக்கதிர்ப் படம் எனப்படும் இதனை மருத்துவர் சி.பி.சி.டி. என்பர். கருவி தலையை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 10 முதல் 40 நொடிகள் ஆகும். கணினி அந்நிழல்களைச் சேர்த்து, பக்கத்துக்கு 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையுள்ள நுண்கட்டங்களால் தாடையைக் கட்டி எழுப்பும். பிறகு மருத்துவர், ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் அவ்வுருவத்தை எவ்விடத்திலும் வெட்டிப் பார்க்கலாம்; எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் திரையிலேயே அளக்கலாம்.

மூக்குத்தி கழற்றிய கதை

படம் எடுக்குமுன் தலையிலும் கழுத்திலும் உள்ள உலோகப் பொருள்களை அகற்ற வேண்டும். உலோகம் கதிரைத் தடுத்து, உருவத்தில் பொய்யான கீற்றுகளை உண்டாக்கும். தோடு, கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி ஆகியன எளிதில் வந்துவிட்டன. மூக்குத்தி மட்டும் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கழற்றாத திருகு அது. சோப்பு நீர் தடவி, பொறுமையாகத் திருகி, மருமகள் அதனைக் கழற்றினார். “கல்யாண வீட்டுக்குக்கூடக் கழற்றியதில்லை, ஒரு கடைவாய்ப் பல்லுக்காகக் கழற்றுகிறேன்” என்றார் பாட்டி.

முகவாயைத் தாங்கியில் வைத்து, அசையாமல், எச்சில் விழுங்காமல் இருக்கும்படி கூறப்பட்டது. சிறிது அசைந்தாலும் உருவம் இரட்டையாகித் தெளிவு கெடும். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

படத்தில் எதைப் பார்ப்பர்?

திரையில் தோன்றிய உருவத்தில் மருத்துவர் வரிசையாகப் பார்த்தவை இவை:

1. எலும்பின் உயரமும் அகலமும். பல் போன இடத்தில் அகலம் போதுமானதாக இருந்தது. வரம்பின் விளிம்பிலிருந்து காற்றறையின் தளம் வரை உயரம் 4 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தது.
2. காற்றறையின் தளம் சமமாக உள்ளதா, இடையில் எலும்புத் தடுப்புச் சுவர்கள் உள்ளனவா என்பது. தடுப்பு இருப்பின், பின்னர்ச் சவ்வை உயர்த்தும்போது அது கிழிய வாய்ப்புண்டு.
3. காற்றறையின் பக்கச் சுவரில் ஓடும் இரத்தக் குழாயின் இடம்.
4. சவ்வின் தடிப்பும், நீர் வடியும் துளை திறந்திருக்கிறதா என்பதும்.
5. அண்டைப் பற்களின் வேர்நுனிகள்.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் மருத்துவரின் விரல் நின்றது. இடப்பக்கக் காற்றறையின் சவ்வு மிகத் தடித்திருந்தது; வலப்பக்கம் தெளிவாக இருந்தது. தடிப்பின் நேர்கீழே, போன பல்லுக்கு அடுத்த கடைவாய்ப் பல்லின் வேர்நுனியைச் சுற்றிக் கருநிற வட்டம் ஒன்று தெரிந்தது. அங்கு எலும்பு சீழால் கரைந்திருந்தது. முழுத்தாடைப் படத்தில் கன்ன எலும்பின் நிழலுக்குள் மறைந்திருந்தது அதுவே.

“அம்மா, இடப்பக்க மூக்கு அடைத்துக்கொள்வதுண்டா? கெட்ட நாற்றம் வருவதுண்டா?” என்று மருத்துவர் கேட்டார்.

பாட்டி வியந்து பார்த்தார். “நாலைந்து வருடமாக உண்டு. சளி என்று கஷாயம் குடித்து வருகிறேன்” என்றார்.

மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நெடுநாள் அடைத்து நாற்றமும் இருந்தால், பல்லே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. வேரில் தோன்றிய சீழ், மெல்லிய எலும்புத் தகட்டைக் கடந்து காற்றறையைத் தாக்குகிறது. பல்லைச் சரிசெய்யாதவரை மூக்குக்குச் செய்யும் மருத்துவம் முழுப்பயன் தராது. பல், தாடை, காற்றறை ஆகியவற்றின் நெருக்கத்தை 2021ஆம் ஆண்டும் நாட்டுக்கு உணர்த்தியது. கொரோனா இரண்டாம் அலையின்போது பரவிய கருப்புப் பூஞ்சை நோய், மூக்கிலும் காற்றறைகளிலும் தொடங்கி மேல்தாடையெலும்பை அழித்தது. பல்லாட்டமும் முகவலியும் சிலருக்கு அந்நோயின் அறிகுறிகளாக இருந்தன.

கூம்புக்கதிர்ப் படத்துக்கும் எல்லை உண்டு. எலும்பையும் காற்றையும் அது நன்கு பிரித்துக் காட்டும். தசையின் தன்மையை அவ்வாறு காட்டாது. சவ்வு தடித்திருக்கிறது என்பதைச் சொல்லும். ஏன் தடித்தது என்பதை மருத்துவரே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். படம் சான்று மட்டுமே; தீர்ப்பு அன்று.

எத்தனை படம் எடுக்கலாம்?

பாட்டியின் முதற்கேள்விக்கு இன்னும் ஒரு பாதி விடை உண்டு. ஊடுகதிர் பயன் தருவது. அளவு மிஞ்சினால் தீங்கும் தருவது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், 1896இலேயே பல் படம் எடுக்கத் தொடங்கியவர். கதிரின் வலிமையைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் தம் கையையே கதிரின் முன் நீட்டினார். அதனால் புற்றுநோய் உண்டாகி, விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து, 1928இல் இறந்தார். கதிரைக் கண்ணால் காண இயலாது. அதன் சுடுகையையும் உடனே உணர இயலாது என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டு.

இன்றைய கருவிகளின் அளவு மிகக் குறைவு. உடல் பெறும் கதிரின் தாக்கத்தை மைக்ரோசீவர்ட் என்னும் அலகால் அளப்பர். மண், காற்று, உணவு, வானம் ஆகியவற்றிலிருந்து ஒருவர் இயல்பாகப் பெறும் கதிர், உலகச் சராசரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மைக்ரோசீவர்ட். வாய்க்குள் எடுக்கும் சிறு படம் தருவது பத்துக்கும் குறைவு. முழுத்தாடைப் படம் தருவது ஏறத்தாழ 20. அஃதாவது மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். கூம்புக்கதிர்ப் படம், கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துப் பத்துகளிலிருந்து நூறுகள் வரை செல்லும். தலைக்கு எடுக்கும் மருத்துவச் சி.டி. பெரும்பாலும் ஆயிரத்தைக் கடக்கும்.

ஆகவே மருத்துவ உலகம் ஒரு நெறியை வகுத்துள்ளது: தேவையான தெளிவு கிடைக்க, நியாயமாக இயன்ற அளவு குறைவான கதிரையே பயன்படுத்த வேண்டும். சிறு படம் விடை தருமாயின் பெரிய படம் வேண்டா. ஒரு பக்கத் தாடை போதுமாயின் முழுத் தலையையும் எடுக்க வேண்டா. வளரும் உடல் கதிரால் எளிதில் பாதிக்கப்படுமாதலால் சிறுவர்க்கு மேலும் எச்சரிக்கை வேண்டும். கருவுற்றிருப்போர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூற வேண்டும். இந்தியாவில் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மருத்துவ ஊடுகதிர்க் கருவிகளைக் கண்காணிக்கிறது. பல் மருத்துவக் கருவிகளும் அதில் அடங்கும்.

“இந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை தரும்?” என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. கேள்வியின்றி எடுக்கும் படம் வீண். கேள்வி இருந்தும் படமின்றித் துளையிடுவது ஆபத்து.

பாட்டியின் முடிவு

மருத்துவர் வழிகளை எடுத்துரைத்தார். முதலில் சீழ் பிடித்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும். காற்றறை தெளிந்ததா என்பதைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரும் பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, காற்றறையின் சவ்வை மெல்ல உயர்த்தி, அடியில் எலும்புத் துகளை நிரப்பி, அது எலும்பாக மாறும்வரை சில மாதங்கள் காத்திருந்து, இம்ப்ளாண்ட் பொருத்துதல். இரண்டு, இருபக்கப் பற்களையும் தாங்கலாகக் கொண்டு பிரிட்ஜ் கட்டுதல். மூன்று, கழற்றி மாட்டும் பல். ஒவ்வொன்றின் செலவையும் காலத்தையும் மருத்துவர் தனித்தனியே கூறினார்.

பாட்டி சிறிது நேரம் திரையைப் பார்த்தார். “இன்றைக்கே திருகு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டார்.

“சீழ் இருந்த அறைக்குள் போயிருக்கும் பாட்டி” என்றான் பேரன், மருத்துவர் வாய் திறக்குமுன்.

“அப்படியானால் முதலில் சீழைத் தீர்ப்போம். மற்றது பொங்கலுக்குப் பிறகு” என்றார் பாட்டி. மூக்குத்தியை மருமகளிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மூக்கு தெளிந்தபின் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

புதுப்பல் பொருத்தவென்று எடுத்த படம், பொறுத்திருக்கச் சொன்னது. இருந்த ஒரு பல்லைக் காக்கவும் வழிகாட்டியது. இல்லாத பல்லைப் படம் பிடிப்பதன் பயன் இதுவே.

சொல்லும் பொருளும்

மிடறு – கழுத்து, தொண்டை
அண்ணம் – வாயின் மேற்பகுதி
இதழ் – உதடு
ஊடுகதிர் – பொருளை ஊடுருவிச் செல்லும் எக்ஸ் கதிர்
காற்றறை – முகவெலும்பினுள் காற்று நிறைந்த வெற்றிடம்
முகவாய் – மோவாய்
விழுக்காடு – சதவீதம்

கற்றபின் எழுதுக

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.

1. எழுத்துகள் பிறக்கும் உறுப்புகளாகத் தொல்காப்பியம் கூறுபவை
(க) ஐந்து (ங) ஏழு (ச) எட்டு

2. முழுத்தாடைப் படம் காட்டாதது
(க) எலும்பின் அகலம் (ங) பற்களின் வரிசை (ச) காற்றறையின் தளம்

3. ‘ராம்-லாக்’ வடிகட்டி தொடர்புடைய ஆய்வுக்கட்டுரை வெளிவந்த ஆண்டு
(க) 1952 (ங) 1971 (ச) 1984

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பல் நீங்கியபின் தாடையெலும்பு கரைவது ஏன்?
2. படம் எடுக்குமுன் பாட்டி மூக்குத்தியைக் கழற்ற நேர்ந்தது ஏன்?
3. “படம் சான்று மட்டுமே, தீர்ப்பு அன்று” – இத்தொடரின் பொருள் யாது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. நாணயத்தின் நிழல் என்னும் எடுத்துக்காட்டு எதனை விளக்குகிறது?
2. எட்மண்ட் கெல்ஸின் வாழ்க்கை உணர்த்தும் பாடம் யாது?
3. பாட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால் மருத்துவர் கூறிய மூன்று வழிகளுள் எதனைத் தேர்வீர்கள்? காரணம் தருக.

ஈ. பிரித்து எழுதுக.

காற்றறை, தாடையெலும்பு, முப்பரிமாணம், இவ்வறை

உ. செயல்திட்டம்

உங்கள் வீட்டு முதியோர் ஒருவரிடம், அவருக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது, அதனால் உண்பதிலும் பேசுவதிலும் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக. ‘த’, ‘ந’, ‘வ’ ஆகிய எழுத்துகளை அவர் ஒலிக்கும் முறையையும் உற்றுக் கேட்டுக் குறித்து வருக.